எங்கள் தெருவை யாராவது வந்து அளந்து பார்த்தார்களா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நாங்கள் ஏழு பேர் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவை அளந்தோம். தெருமுனையில் பிள்ளையார் கோயில் பக்கம் 30 அடி. நடுவில் டிரான்ஸ்பார்மர் நிற்கும் இடத்தில் 22 அடி. தெருக்கோடியில், புதுக் குடியிருப்பு வரப்போகும் மனையின் வாசலில் 24. எதிர்வீட்டு மாமா ஒவ்வொரு அளவையும் பேரனின் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

ஏன் அளந்தோம் என்று சொல்கிறேன். தெருக்கோடியில் இருந்த பழைய கல்யாண மண்டபம் கைமாறிவிட்டது. 20 கிரவுண்டு, அதாவது 48,000 சதுர அடி இடம். மண்டபத்தை இடித்து, நாலு பக்கமும் தகரம் அடித்துவிட்டார்கள். ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் நிற்கிற, கார் நிறுத்தும் கீழ்த்தளம்) மேல் ஐந்து மாடி, 110 வீடு என்று அங்கே புக்கிங் பார்க்கும் பையன் சொன்னான். எங்கள் தெருவில் இப்போது இருப்பதே மொத்தம் 58 வீடுதான், மூன்று சின்ன அபார்ட்மெண்ட்டையும் சேர்த்து.

20 கிரவுண்டில் இவ்வளவு எப்படி வருகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான எஃப்எஸ்ஐயை 1.5-லிருந்து 2 ஆக்கின. அதாவது மனை எவ்வளவோ, அதைப்போல இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம். 48,000 சதுர அடி மனைக்கு 96,000. அதற்கு மேல் அரசுக்குப் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம். அது சாலை அகலத்தைப் பொறுத்தது. 9 மீட்டருக்கு மேல் 30 சதவீதம், 12 மீட்டருக்கு மேல் 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50. முப்பது அடி என்பது 9.14 மீட்டர், அதாவது மயிரிழையில் தகுதி. 30 சதவீதம் சேர்ந்தால் 1,24,800 சதுர அடி. 110 வீடு சரியாக உட்கார்ந்துவிடும்.

ஆனால் டிரான்ஸ்பார்மர் பக்கம் 22 அடி என்பது 7 மீட்டர்கூட வராது.

சரி, 30 அடி எங்கே போனது? எங்கள் வீட்டு 1988-ஆம் வருஷப் பத்திரத்தில் "தெற்கே 30 அடி சாலை" என்றுதான் இருக்கிறது. காகிதத்தில் அளவு சரி. மிச்சம் எட்டு அடியில் பாதி மழைநீர் வடிகாலுக்கும் மின்கம்பங்களுக்கும் போனது. மறுபாதி நாங்களே எடுத்துக்கொண்டது. கார் ஏற்றச் சரிவு, படிக்கட்டு, வாசலில் செம்பருத்திக்குக் கட்டிய வேலி. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வாசல் சரிவை உடைக்கச் சொல்லிவிட்டேன், இன்னும் நாலு வீட்டில் சம்மதித்திருக்கிறார்கள். அப்படியே எல்லாரும் எடுத்தாலும் டிரான்ஸ்பார்மர் நகரப்போவதில்லை.

இந்த எட்டு அடி என்ன செய்யும் என்பதைப் போன வருஷம் கண்ணால் பார்த்தோம். நள்ளிரவில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத்திணறல். 108 வண்டி டிரான்ஸ்பார்மர் வரைதான் வந்தது, எதிரே ஒரு கார் நின்றது. காருக்குரியவரை எழுப்ப நேரமில்லை. பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம். மழை பெய்து முடிந்த இரவு, கணுக்கால் அளவு தண்ணீர். பாட்டியின் கை என் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. நல்லபடியாகத் திரும்பி வந்தார். அந்தத் தெருவில் இன்னும் நூறு கார் வரப்போகிறது.

தண்ணீர்க் கணக்கு இன்னும் மோசம். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு திட்டமிடும் அளவு. 110 வீட்டில் வீட்டுக்கு நாலு பேர் என்றால் 59,400 லிட்டர். போர்வெல் வற்றினால் தினமும் 12,000 லிட்டர் லாரி ஐந்து வரவேண்டும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஒரு லாரிக்காக நாங்கள் காத்துக்கிடந்தது எல்லாருக்கும் தெரியும். அப்புறம் மழைக்காலம். மடிப்பாக்கம் தாழ்வான ஊர், ஏரியும் வயலும் இருந்த இடம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்த மண்டபத்து வெட்டவெளிதான் கொஞ்சமாவது தண்ணீரை உள்வாங்கியது. இப்போது அதை நாலடி மண்ணடித்து உயர்த்துவார்கள். அங்கே நிற்காத தண்ணீர் வேறு எங்கே போகும்? பழைய வீட்டுக்காரர்களின் கூடத்துக்குத்தான்.

"நீங்க மட்டும் வீடு கட்டி இருக்கலாம், மத்தவங்க வரக்கூடாதா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் தங்கை மகன் கல்யாணமாகி மூன்று வருஷமாக வாடகைக்கு வீடு மாற்றிக்கொண்டிருக்கிறான், அவனுக்கும் இந்த ஊரில் ஒரு வீடு வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். அந்த மனையில் மூன்று மாடி வரட்டும், அறுபது வீடு வரட்டும், கோலம் போட்டு வரவேற்போம். தெரு தாங்குகிற அளவுக்கு வரட்டும் என்பதுதான் பேச்சு.

எனக்கு மனதை அறுப்பது ஒன்றுதான். தெருவில் இருப்பவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. 20,000 சதுர மீட்டருக்குக் கீழே இருந்தால் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை, எங்கள் தெருக்கோடிக் கட்டடத்தின் 1,24,800 சதுர அடி என்பது சுமார் 11,600 சதுர மீட்டர்தான். அதைவிடப் பெரிய கட்டடங்களுக்கும் 2006-ஆம் வருஷச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. நொய்டாவில் இரட்டைக் கோபுரத்தை எதிர்த்துக் குடியிருப்போர் வருஷக்கணக்கில் போராடி, 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்று, 2022 ஆகஸ்டில் அதை இடிக்கவைத்தார்கள். அவர்கள் அதே வளாகத்தில் வீடு வாங்கியவர்கள், தங்கள் சம்மதம் இல்லாமல் கட்டியது தவறு என்று கேட்க உரிமை இருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. அனுமதி கொடுக்கும் முன் தெருவில் ஒரு அறிவிப்புப் பலகை வைத்து, 30 நாள் கொடுத்து, ஒரு சர்வேயர் வந்து எங்கள் கண்முன் டேப்பைப் பிடிக்கட்டும். இவ்வளவுதான் கேட்கிறோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, வரைபடத்தில் காட்டிய சாலை அகலம் என்ன, யார் வந்து எப்போது அளந்தார்கள் என்று கேட்டு மனு போட்டாயிற்று. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பிள்ளையார் கோயில் முன்னால் கூடுகிறோம். வரும்போது உங்கள் வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ் கொண்டுவாருங்கள், நான்கெல்லை எழுதிய பக்கம் போதும். மாமாவின் நோட்டில் உள்ள அளவோடு சேர்த்துக் கட்டி, கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுத்துவிட்டு வருவோம்.