கம்பி வலை போட்டால் தளம் விரிசல் விடாதா? உண்மை விளக்கம்

மரத்தூண் நட்டுக் கட்டும் கொட்டகையில், கம்பி வலையைத் தரையில் விரித்துக் கான்கிரீட் ஊற்றினால் தளம் விரிசலே விடாது என்ற தகவல் பரவுகிறது. அது தவறு. கான்கிரீட் உலரும்போது சுருங்கும். விரிசல் வரத்தான் செய்யும். அது வாய் பிளக்காமல் இறுக்கிப் பிடிப்பதே கம்பியின் வேலை. அதற்குக் கம்பி தளத்தின் மேல்பாதியில் இருக்க வேண்டும்.

தரையில் விரித்து ஊற்றிய தளத்தை உடைத்துப் பாருங்கள்: வலை அடியில் மண்ணோடு ஒட்டித் துருவேறிக் கிடக்கும். ஊற்றும்போது கொக்கியால் தூக்கிவிடலாம் என்பார்கள். அடுத்த மிதியிலேயே அமுங்கிவிடும். வலையைத் தரையிலிருந்து உயர்த்தித் தாங்கும் சிறு கட்டைகளான கவர் பிளாக் வைத்துக் கட்டுங்கள்.

4 அங்குலத் தடிமனுள்ள தளத்தின் மேற்பரப்பில் 8 முதல் 10 அடிக்கு ஒரு நேர்கோட்டு வெட்டு, 1 அங்குல ஆழத்தில், மறுநாளுக்குள் போட்டால் விரிசல் பெரும்பாலும் அந்தக் கோட்டிலேயே அடங்கும். தூண்களைச் சுற்றி நுரைப்பட்டையும் வையுங்கள். கான்கிரீட் தூணைக் கவ்வினால் அதன் மூலையிலிருந்து கீறல் புறப்படும்.