பதக்கத்துக்கு உண்டு, பதிவுத் திருமணத்துக்கு இல்லை

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட். ஜிம்னாஸ்டிக்ஸில் ஆண்கள் தரைப் பயிற்சி இறுதிப் போட்டி. இஸ்ரேலின் ஆர்டெம் டோல்கோப்யாட்டும் ஸ்பெயினின் ரேடர்லி சபாட்டாவும் சரிசமமான புள்ளியில் நிற்கிறார்கள். டோல்கோப்யாட் எடுத்துக்கொண்ட தாவல்களின் கடினம் சற்றே கூடுதல் என்பதால் தங்கம் அவருக்குப் போகிறது. இஸ்ரேல் அதற்கு முன் வாங்கியிருந்த ஒலிம்பிக் தங்கம் ஒன்றே ஒன்றுதான், 2004இல் ஏதென்ஸில் பாய்மரப் பலகைப் போட்டியில். எனவே நாடு ஆடித் தீர்த்ததில் வியப்பில்லை.

மகன் தங்கம் வாங்கிய கையோடு அவருடைய அம்மா வானொலியில் பேசினார். மகனுக்குக் காதலி இருக்கிறாள், ஆனால் இந்த நாட்டில் அவனுக்குக் கல்யாணம் செய்துவைக்க முடியாது என்று போட்டு உடைத்துவிட்டார். கொண்டாட்டத்தின் நடுவில் எல்லோருக்கும் தொண்டையில் முள் சிக்கியது.

விஷயம் இதுதான். டோல்கோப்யாட் 1997இல் உக்ரைனின் த்னீப்ரோ நகரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு இஸ்ரேல் வந்தார். அப்பா யூதர், அம்மா அல்ல. குடியுரிமைக்கு இது போதும். 1950இல் வந்த ‘திரும்பிவரும் சட்டம்’ 1970இல் திருத்தப்பட்டபோது, தாத்தா பாட்டிகளில் ஒருவர் யூதராக இருந்தாலே வரலாம் என்று கதவை அகலத் திறந்துவிட்டது. கல்யாணம் என்று வந்தால் கதை வேறு. ஒட்டோமான் துருக்கியர் ஆட்சிக் காலத்திலிருந்து தொடரும் ஏற்பாட்டின்படி, திருமணம் அந்தந்த மதத்து அமைப்பின் கையில் இருக்கிறது. யூதர்களுக்கு அது தலைமை ரப்பிகளின், அதாவது யூத மதகுருக்களின், பீடம். அவர்களுக்கு அம்மா வழிதான் கணக்கு. நம்மூர்ப் பதிவுத் திருமணம் போன்ற மாற்று வழி அங்கே கிடையாது. வழி தெரிந்தவர்கள் சைப்ரஸுக்கு விமானம் ஏறி, அங்கே மணம் முடித்து, சான்றிதழோடு திரும்புகிறார்கள். அதை அரசு பதிந்துகொள்ள வேண்டும் என்று 1963இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்துத் தீவில் போட்ட கையெழுத்து செல்லும், சொந்த ஊரில் போட வழியில்லை. இதைவிடக் கேலிக்கூத்து உண்டா?

இன்னொன்றும் இருக்கிறது. பதக்க மேடையில் அவருக்காக ஒலித்த தேசிய கீதத்தின் தொடக்கமே, உள்ளத்தில் யூத ஆன்மா ஏங்கும் வரை நம்பிக்கை அழியாது என்றுதான் போகிறது. அதற்கு நெஞ்சு நிமிர்த்தி நின்றவரைத்தான் மணப்பதிவேடு யூதர் இல்லை என்கிறது.

சோவியத் நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இந்த வலி இரட்டிப்பு. அங்கே உள்நாட்டுப் பாஸ்போர்ட்டில் ஐந்தாவது வரி என்று ஒன்று இருந்தது. இனம் எழுதும் இடம். பெற்றோர் இருவரும் யூதர் என்றால் ‘யூதர்’ என்று விழும், தப்ப முடியாது. கலப்பு மணத்துப் பிள்ளைகள் பதினாறு வயதில் அப்பா, அம்மா இருவரில் ஒருவருடைய இனத்தைத் தேர்ந்து எழுதிக்கொள்ளலாம். ஆனால் அப்பாவின் குடும்பப் பெயர் காட்டிக்கொடுத்துவிடும். அடிக்கிறவன் பாஸ்போர்ட்டைப் பார்த்து அடிப்பதில்லை, மூஞ்சியைப் பார்த்துத்தான் அடிக்கிறான் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கசப்பான வேடிக்கைப் பேச்சு உண்டு. அங்கே அப்பாவின் பெயரால் யூதராக இருந்தவர், இங்கே அம்மாவின் வழியால் யூதர் இல்லாமல் போகிறார். போதாக்குறைக்கு அக்கம்பக்கத்தார் ‘ரஷ்யக்காரர்’ என்று அழைப்பார்கள், வந்தது உக்ரைனாக இருந்தாலும்.

மரியா கோரோகோவ்ஸ்காயாவை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? கிரிமியாவில் பிறந்த யூதப் பெண். லெனின்கிராட் முற்றுகையில் உயிர் பிழைத்தவர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காக ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம், ஐந்து வெள்ளி என ஏழு பதக்கங்கள் வாங்கினார். அந்த ஒலிம்பிக் ஆகஸ்ட் 3இல் முடிந்தது. ஆகஸ்ட் 12 இரவு மாஸ்கோவில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் எழுதிய எழுத்தாளர்கள் உள்ளிட்ட பதின்மூன்று யூதர்களை ஸ்டாலின் அரசு சுட்டுக் கொன்றது. பதக்கப் பட்டியலில் அமெரிக்காவை எட்டிப்பிடிக்க ஒரு யூதப் பெண்ணின் தோளும் முட்டியும் வேண்டியிருந்தன. அவருடைய மக்களின் மொழி வேண்டாததாகிவிட்டது. அவர் 1990இல், அறுபத்தெட்டு வயதைத் தாண்டி, இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்.

நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த முகமும் ஒன்று உண்டு. 2012இல் மாஸ்கோவில் உலகச் செஸ் பட்டத்துக்காக ஆனந்தின் எதிரே உட்கார்ந்தாரே, போரிஸ் கெல்ஃபாண்ட். மின்ஸ்கில் பிறந்து, சோவியத் பள்ளியில் ஆட்டம் பழகி, 1998இல் இஸ்ரேல் போனவர். ஆறுக்கு ஆறு என்று முடிந்து, விரைவாட்டத்தில் ஆனந்த் வென்றார். (செஸ் விளையாட்டா என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.)

யூரி ஃபோர்மனை இந்த வரிசையில் சேர்த்தாலும் அவர் தனி ரகம். பெலாரஸின் கோமெலில் பிறந்து, சிறுவனாக இஸ்ரேல் வந்து, ஹைஃபாவில் அரபு இளைஞர்களோடு குத்துச்சண்டை பழகி, பிறகு நியூயார்க் போனார். 2009இல் உலகப் பட்டம் வென்றார். மறுபக்கம் ரப்பி ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தார், 2014இல் ஆகவும் செய்தார். 2010 ஜூனில் ஒரு சனிக்கிழமை, யாங்கி மைதானத்தில் மிகெல் கோட்டோவுடன் மோதல். யூதர்களின் வார ஓய்வு நாளான சப்பாத் முடிந்து பொழுது சாய்ந்த பிறகுதான் அவர் களம் இறங்கினார். நடுவில் முழங்கால் பிசகி நொண்டிக்கொண்டே ஆடித் தோற்றார். சோவியத் மண்ணில் வேரறுக்கப்பட்ட ஒன்றைத் தானே தேடிப் பிடித்தவர் அவர். யாரும் அவரை வற்புறுத்தவில்லை, அதனால்தான் அவருடைய பக்தி மேல் எனக்கு மதிப்பு.

மத விதியை மாற்றச் சொல்ல நான் யார்? ஆலயத்துக்குள் யார் யூதர் என்பதை ரப்பிகளே முடிவு செய்துகொள்ளட்டும். அரசு தன் பதிவேட்டையும் அவர்களிடமே ஒப்படைத்துவிட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. வரி கட்டவும் ராணுவத்தில் சேரவும் ஒரு தாத்தா போதும், தாலி கட்ட மட்டும் போதாதாம்.

அதைவிட எரிச்சல் தந்தது தங்கத்துக்குப் பிறகு அரசியல்வாதிகள் காட்டிய திடீர்ப் பதைபதைப்பு. டோல்கோப்யாட் நிலையில் அங்கே லட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள். மின்வேலை செய்பவர், நர்ஸ், பேருந்து ஓட்டுபவர். பின்னோக்கிக் குட்டிக்கரணம் அடிக்கத் தெரியாததால் அவர்கள் அம்மாக்களை எந்த வானொலியும் கூப்பிடவில்லை. டோல்கோப்யாட்டோ அந்தச் சர்ச்சையில் வாய் கொடுக்காமல் பயிற்சிக்குத் திரும்பினார். 2023இல் ஆன்ட்வெர்ப்பில் உலகச் சாம்பியன், 2024 பாரிஸில் வெள்ளி. மறுபடியும் வாழ்த்துகள் குவிந்தன. திருமணச் சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.