நாக்கு மேப் ஃபார்வர்டை நம்பாதீங்க

நம்ம தெரு குரூப்புல நேத்துல இருந்து ஒரு நாக்கு படம் சுத்துது, நுனியில இனிப்பு மட்டுந்தான் தெரியுமாம் அடிநாக்குல கசப்பு மட்டுந்தானாம், அதனால நிலவேம்பு கசாயத்தை நுனி நாக்குல விட்டு முழுங்குனா கசக்கவே கசக்காதுன்னு போட்டுருக்கு. எங்க அத்தை நம்பி செஞ்சு பாத்து மூஞ்சி சுளிச்சதுதான் மிச்சம்.

1901ல ஹேனிக்ன்னு ஒரு ஜெர்மன்காரர் எடத்துக்கு எடம் லேசா வித்தியாசம் இருக்குன்னுதான் சொன்னாரு, 1942ல வந்த போரிங்ன்னு ஒரு அமெரிக்க உளவியல்காரரோட புக்குல அதை வரைஞ்ச விதத்துல ஏதோ பட்டா போட்டு பிரிச்ச மாதிரி ஆயிருச்சு. சுவை மொட்டு இருக்குற எடத்துல எல்லாம் இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, உமாமி (கறிச்சாறு மாதிரி ருசி)ன்னு அஞ்சு சுவையும் தெரியும். உப்புல உள்ள சோடியம் செல்லோட சேனல் (சின்ன வாசல் மாதிரி) வழியா நேரா உள்ள போயிரும், எலுமிச்சம்பழ புளிப்புக்கு ஓடாப்1ன்னு தனி புரோட்டான் சேனல் (அமிலத்துல இருக்குற ஹைட்ரஜன் துகள் உள்ள போற வாசல்), 2018லதான் கண்டுபிடிச்சாங்க. இனிப்பும் கசப்பும் உள்ள போறதில்ல, செல்லுக்கு வெளிய ரிசெப்டர்ல (சுவைய பிடிக்குற புரதம்) ஒட்டும், அப்புறம் உள்ளுக்குள்ள டிரிப்எம்5ன்னு ஒரு சேனல் தெறந்து நரம்புக்கு தகவல் போகும். (சால்னா காரம் இந்த கணக்குலயே வராது, அது சூடு வலி அறியுற நரம்பு வேலை.)

சந்தேகம்னா இப்பத்து ஃபிசியாலஜி புக்க பாருங்க, இல்லாட்டி வாய கொப்புளிச்சுட்டு நுனி நாக்குல ரெண்டு கல்லு உப்பு வச்சு பாருங்க. ஃபார்வர்ட் பண்ணவங்க அதை டெலீட் பண்ணிருங்கப்பா, அங்கிட்டு இங்கிட்டு அனுப்ப வேணாம்.