ஐந்து நாளில் இரண்டு, அப்புறம் 84 வருடம்

1880 ஜூன் 12, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர். பேஸ்பாலில் லீ ரிச்மண்ட் என்ற இடதுகை பிட்சர் (பந்து வீசுபவர்) கிளீவ்லாந்து அணியை 1-0 என்று சாய்த்தார். மட்டையோடு வந்த 27 பேரும் அவுட். பேட்டர் சுற்றி ஓடவேண்டிய நாலு பேஸில் முதலாவதில்கூட ஒருத்தரும் நிற்கவில்லை. மேஜர் லீக் எனப்படும் மேல்மட்ட பேஸ்பாலின் முதல் 'பெர்ஃபெக்ட் கேம்' அதுதான். ஐந்தே நாளில், 17ஆம் தேதி, பிராவிடன்ஸின் ஜான் மாண்ட்கோமரி வார்ட் பஃபலோவுக்கு எதிராக அதையே செய்தார், 5-0. இவர்கள் ஆடிய நேஷனல் லீகில் அதற்கு அடுத்தது 1964இல், ஜிம் பன்னிங் கையால்!

"அப்போ பிட்சருக்கு எல்லாமே சுலபம்பா" என்று ஒரு கூட்டம் இதைத் தள்ளிவிடுகிறது. 1904இல் இன்னொரு லீகான அமெரிக்கன் லீகில் சை யங் வீசிய பெர்ஃபெக்ட் கேமிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும் என்பார்கள். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1880இல் பிட்சர் நின்ற கட்டத்தின் முன்கோடு பேட்டர் பக்கத்திலிருந்து 45 அடியில்தான் இருந்தது. எட்டு 'பால்' (அடிக்க வாகில்லாமல் விலகிப்போகும் வீச்சு) போட்டால்தான் பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸ், இன்று நாலு. மறு வருடமே தூரத்தை 50 அடி ஆக்கினார்கள் என்றால் பிட்சர்கள் எவ்வளவு ஆட்டம் போட்டிருப்பார்கள் என்று பாருங்கள்.

ஆனால் மறுபக்கத்தை யாரும் பேசுவதில்லை. கை இடுப்புக்கு மேலே போகாமல் வீச வேண்டும். பந்து உயரமாக வேண்டுமா தாழ்வாக வேண்டுமா என்று பேட்டரே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஃபவுல் அடித்தால், அதாவது பந்து பக்கக்கோட்டுக்கு வெளியே போனால், ஸ்ட்ரைக் கணக்கில் (மூன்று சேர்ந்தால் அவுட்) ஏறாது. எத்தனை வேண்டுமானாலும் தட்டிவிட்டு நிற்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஃபீல்டர்களில் பெரும்பாலோர் வெறுங்கை. ஒரு அணி ஒரு ஆட்டத்தில் மூன்று நான்கு பிழை செய்வது அன்று சர்வசாதாரணம். ஒரு பிழையால் ஒருத்தர் பேஸ் ஏறினால் போதும், பெர்ஃபெக்ட் கேம் காலி. ரிச்மண்டின் ஆட்டத்தில் பில் பிலிப்ஸ் வலப்பக்கம் அடித்த பந்து எல்லார் கண்ணுக்கும் சிங்கிள்தான், அதாவது முதல் பேஸ்வரை ஓடக்கூடிய அடி. ரைட் ஃபீல்டர் லான் நைட் ஓடிவந்து எடுத்து நேராக முதல் பேஸுக்கு எறிந்தார், ஆள் அவுட். அவ்வளவு தள்ளியிருக்கும் அவுட்ஃபீல்டிலிருந்து முதல் பேஸில் ஆளைப் பிடிப்பது! என்னைக் கேட்டால் அந்த நாளின் சாதனையில் பாதி அந்த எறிதான். பிட்சர் பெயரை மட்டும் எழுதிவைப்பது ஓரவஞ்சனை.

நான் சந்தேகப்படும் சாதனை வேறு. 1894 மே 30, பாஸ்டனின் பாபி லோ சின்சினாட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் (ஒரே அடியில் நாலு பேஸும் சுற்றி வருவது). அதற்கு முன் யாரும் செய்யாதது. ஒரு சிங்கிளும் சேர்த்து 17 பேஸ். நான்கில் இரண்டு ஒரே இன்னிங்ஸில். எல்லாம் சரி, மைதானம் எது? பாஸ்டனின் சொந்த மைதானம் அந்த மாதம் 15ஆம் தேதி தீயில் எரிந்துபோனதால் காங்கிரஸ் தெரு மைதானத்தில் தற்காலிகமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே இடப்பக்க வேலி சுமார் 250 அடி தூரத்தில்தான். பவுண்டரிக் கயிற்றை உள்ளே இழுத்துக் கட்டிய மாதிரி. போதாதற்கு, முந்தைய வருடம்தான் பிட்சரை 60 அடி 6 அங்குலத்துக்குத் தள்ளியிருந்தார்கள். அந்த 1894இல் நேஷனல் லீக் முழுக்கவே பேட்டிங் சராசரி .309, ஆயிரம் முயற்சிக்கு 309 ஹிட். எதிரே வீசிய சேம்பர்லைனை மாற்றவும் இல்லை. 20 ரன் வாங்கும்வரை அவரே நின்றார்.

நான்கு ஹோம் ரன்னில் எனக்குப் பெரியது ஃபிலடெல்பியாவின் எட் டெலஹன்டியுடையது. 1896 ஜூலை 13, சிகாகோ. வேலியைத் தாண்டாமல், பந்து மைதானத்துக்குள் கிடக்கும்போதே நாலு பேஸும் ஓடி முடித்தவையும் அதில் உண்டு. கிட்டத்து வேலி மேல் பழிபோட முடியாது. ஃபிலடெல்பியா எடுத்த 8 ரன்னில் 7 அவர் மட்டையால் வந்தது. சிகாகோ எடுத்தது 9.