பெட்ரோல் காசைக் கொடுத்தாலே போதுமாம்

அந்த ஸ்கிரீன்ஷாட் இந்நேரம் அடிலெய்டுல இருக்கிற எல்லாத் தமிழ் குரூப்பையும் சுத்தி வந்திருக்கும். மறுபடி இங்க போடல. எழுதினவர் பேரையும் சொல்லப் போறதில்ல. நாங்க பைக்ல போய், ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸுக்கு (ஆஸ்பத்திரி எட்டாத இடங்களுக்கு விமானத்துல வந்து வைத்தியம் பார்க்கிற அமைப்பு) உண்டியல்ல காசு சேர்க்கிறதைப் பத்தித்தான் அது. ஆனா அந்த ரெண்டு வரி மூணு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. "ஊர் சுத்துறதுக்கு ஒரு சாக்கு. அந்தப் பெட்ரோல் காசைக் கொடுத்தாலே போதுமே." கீழ 46 பேர் சிரிச்சு வச்சிருக்காங்க. அதுல 9 பேர் என் வீட்ல கை நனைச்சவங்க. எண்ணிட்டேன்.

சரி, கணக்கே பேசுவோம். அடிலெய்டுல இருந்து பாலைவன ஓரத்துல இருக்கிற பேர்ட்ஸ்வில் ஊருக்குப் போக 1,200 கி.மீ. போல, வர அதே அளவு. அந்தப் பக்கம் விக்கிற விலையில என் பழைய டிஆர்650 பைக்குக்கு 300 டாலர் பெட்ரோல் ஆச்சு. என் கைக்காசு. டயர், தங்கல், சாப்பாடு எல்லாமே அவங்கவங்க கைக்காசு. உண்டியல் டப்பாவுல விழுந்ததுல ஒரு சென்ட்கூட எங்க டேங்குக்குள்ள போகல. அந்த 300-ஐப் போட்டுட்டு சோபாவுல சாய்ஞ்சிருந்தா, ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸுக்கு 300 டாலர் போயிருக்கும். அவ்ளோதான். புழுதி அப்பின மூஞ்சியோட ரோட்ஹவுஸ் (வழியில பெட்ரோலும் சாப்பாடும் விக்கிற கடை) வாசல்ல நின்னதால விழுந்தது அதுக்குப் பல மடங்கு. மரீங்கிற ஊர்ல ஒரு ரோடு ட்ரெய்ன் (பல ட்ரெய்லர் கோர்த்த லாரி) டிரைவர் எதுக்குப் போறீங்கன்னு கேட்டார். சொன்னோம். பேசாம 50 டாலரை மடிச்சு டப்பாவுக்குள்ள திணிச்சார். வண்டிவரைக்கும் போனவர் திரும்பி வந்து, சட்டையைத் தூக்கி வயித்துல இருந்த தழும்பைக் காட்டிட்டுப் போனார். சோபாவுல உட்கார்ந்தா இது நடக்குமா?

சும்மா நின்னும் கேட்டுப் பார்த்தவன்தான் நான். ரெண்டு வருஷம் பொங்கல் விழாவுல அதே டப்பாவோட நின்னேன். "அது வெள்ளைக்காரன் சர்வீஸ்தானே ப்ரோ"ன்னுட்டு வடை வாங்கப் போனவங்க யார் யார்னு நல்லாவே ஞாபகம் இருக்கு.

வெள்ளைக்காரன் சர்வீஸ். 1917-ல மேற்கு ஆஸ்திரேலியாவுல ஹால்ஸ் கிரீக்ங்கிற ஊர்ல ஜிம்மி டார்சின்னு ஒரு மாட்டுப் பண்ணை வேலையாள் அடிபட்டுக் கிடந்தான். பெர்த்ல இருந்த டாக்டர் தந்தியில சொல்லச் சொல்ல, ஊர் போஸ்ட்மாஸ்டர் பேனாக்கத்தியால அறுவை சிகிச்சை பண்ணார். டாக்டர் கப்பல், கார், குதிரைன்னு வந்து சேர்றதுக்கு முந்தின நாள் அவன் செத்துட்டான். இந்த மாதிரிச் சாவுகளைப் பார்த்துத்தான் ஜான் ஃப்ளின்ங்கிற பாதிரியார் நாயா அலைஞ்சு காசு சேர்த்து, 1928 மே மாசம் குயின்ஸ்லாந்துல குளோன்கரிங்கிற ஊர்ல ஒரு வாடகை விமானத்தோட இதை ஆரம்பிச்சார். அவரும் ஊர் ஊராக் கையேந்தினவர்தான். அவரையும் ஊர் சுத்துறவன்னு சொல்லிருப்பாங்க போல! உங்க பர்ஸ்ல 20 டாலர் நோட்டு இருந்தா எடுத்துப் பாருங்க, ஒரு பக்கம் அவர் மூஞ்சிதான். இன்னைக்கு அந்த விமானங்கள்ல ஏத்திட்டுப் போறவங்கள்ல கணிசமான பேர் பழங்குடி மக்கள். என்னை மாதிரி பழுப்புத் தோல்காரனும் உண்டு.

ரெண்டு வருஷம் முன்ன நடந்ததை இங்க நான் எழுதினதில்ல. எங்க கூட வர்ற யாழ்ப்பாணத்துக்காரர், அண்ணைன்னுதான் கூப்பிடுவோம். பேர்ட்ஸ்வில் ட்ராக்ங்கிற மண் ரோட்டுல முங்கரானிங்கிற இடம் தாண்டி கொஞ்ச தூரத்துல புல்டஸ்ட்டுக்குள்ள அவர் பைக்கோட முன்சக்கரம் புதைஞ்சு போச்சு. புல்டஸ்ட்ங்கிறது அரிசி மாவு மாதிரி மண். மேல பார்த்தா சமதரை, உள்ள முழங்கால் ஆழப் பள்ளம். தொடை எலும்பு போச்சு. சாட்டிலைட் போன்ல டாக்டர் கிடைச்சாங்க. கால் விரல் என்ன நிறத்துல இருக்குன்னு கேட்டாங்க. பூட்ஸைக் கழட்டி, குடிக்க வச்சிருந்த தண்ணியால செம்மண்ணைக் கழுவிட்டு, எங்க தோல்ல என்ன நிறத்தைச் சொல்றதுன்னு முழிச்சேன். "நகத்தை அமுக்கிட்டு விடு, நிறம் திரும்பி வர எத்தனை செகண்ட் ஆகுதுன்னு சத்தமா எண்ணு"ன்னாங்க. எண்ணினேன். தமிழ்ல எண்ணினேன்னு அண்ணை அப்புறம் சொல்லித்தான் தெரியும்.

பக்கத்துப் பண்ணைக்காரங்க மருந்துப் பெட்டியோட வந்தாங்க. அதுல ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நம்பர் உண்டு. டாக்டர் நம்பரைச் சொன்னா எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான், பேர் படிச்சுக் குழம்ப வேண்டாம். விமானம் வர்றதுக்குள்ள இருட்டிடுச்சு. மண் ரன்வேயில கங்காரு நிக்காம இருக்க அந்தப் பண்ணையம்மா யூட்டை (பிக்கப் வண்டி) மேலும் கீழும் ஓட்டிட்டே இருந்தாங்க, நான் பின்னாடி நின்னு டார்ச் அடிச்சேன். பைலட் ஒருத்தர், நர்ஸ் ஒருத்தங்க. நர்ஸ் முதல்ல கேட்டது அண்ணையோட பேரை. நாலெழுத்துக்கு மேல இருக்கிற அந்தப் பேரை ரெண்டு தடவை சொல்லிப் பார்த்து, சரியாக் கூப்பிட்டாங்க. என் ஆபீஸ்ல 11 வருஷமா என் பேர் இன்னும் 'ராஜ்'தான்.

"பொழுதுபோக்குக்குப் போய் விழுந்துட்டு, விமானத்துக்கும் நீங்களே வேலை வைக்கிறீங்களே?" இதையும் ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேட்டார். நியாயமான கேள்விதான், ஒத்துக்கறேன். அதுக்காகத்தானே தர்றோம்? இது தர்மம் இல்லைங்க, கடன். அப்புறம், நீங்க குடும்பத்தோட ஃப்ளிண்டர்ஸ் மலைக்கு செல்ஃபி எடுக்கப் போனீங்களே, அங்க உங்க மாமனாருக்கு நெஞ்சு வலிச்சா யார் வருவாங்க? உங்க வாட்ஸ்அப் குரூப்பா?

அரசாங்கம் தர்றதில்லையான்னா, தருது. ஓட்டுற செலவுல பெரும்பங்கு அரசுப் பணம். விமானம் வாங்கவும் கருவி வாங்கவும் நன்கொடைதான் கை கொடுக்குது. இதுக்கு மேல இதுல பேச ஒண்ணுமில்ல.

கடைசியா அந்த அஸ்திரம். "நம்ம ஊர்ல ஆம்புலன்ஸ் போகாத கிராமம் எத்தனை இருக்கு, அதுக்குக் கொடுக்கலாமே." சொன்னவர் எத்தனைக்குக் கொடுத்தார்னு நான் கேட்கல.

என் அம்மா ஊர் கல்வராயன் மலை அடிவாரம். எனக்கு எட்டு வயசு இருக்கும். மேல இருந்து நாலு பேர் மூங்கில்ல போர்வையால தூளி கட்டி ஒரு பொண்ணைத் தூக்கிட்டு வந்தாங்க, பிரசவ வலி. எங்க திண்ணை முன்னாடி இறக்கித் தண்ணி கேட்டாங்க. பாட்டி சொம்புல கொடுத்தாங்க. தூளிக்கு வெளிய ஒரு கால் மட்டும் தெரிஞ்சது, கொலுசு, பாதமெல்லாம் மண்ணு. நாலு பேரும் குடிச்சிட்டு, தோள் மாத்திக்கிட்டு நடந்தாங்க. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாளான்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. யாரும் விசாரிக்கல. நானும்தான்.

நம்ம ஊர், அவன் ஊர்னு எனக்கு வகுப்பெடுக்க வராதீங்க. அண்ணையோட விரல் நகத்தை அமுக்கிப் பிடிச்சிருந்தப்ப எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கால்தான். இதை உங்க கமென்ட் பாக்ஸ்ல எப்படி விளக்குறது?

அடுத்த ஜூன்லயும் போறோம். டப்பா அதேதான். அண்ணையும் வர்றார், இந்தத் தடவை சப்போர்ட் வண்டியில.

அந்த 9 பேர்ல ரெண்டு பேர் இன்னைக்குக் காலைல சிரிப்பை எடுத்துட்டாங்க. அதையும் எண்ணிட்டேன்.