பச்சை விளக்கு ஃபைபரைப் பார்ப்பதில்லை

"ரூட்டரின் வான் (WAN, வெளி இணைய இணைப்பு) விளக்கு பச்சையாக இருந்தால் லைன் நன்றாக இருக்கிறது, அறுந்தால் ரூட்டர் தானாக மாற்று இணைப்பான 5ஜிக்கு மாறிவிடும்" என்று சொல்வது தவறான நம்பிக்கை தரும். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், பல ரூட்டர்களில் அந்த விளக்கு காட்டுவது ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இடையிலுள்ள கேபிளை மட்டுமே. வெளியே ஃபைபர் அறுந்தாலும் அது பாட்டுக்கு எரியும்.

ரூட்டரில் பிங் சோதனையை (ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது) இயக்குங்கள். 8.8.8.8 (கூகல்), 1.1.1.1 (கிளவுட்ஃபிளேர்) ஆகிய பொது முகவரிகள் இரண்டுக்கும் 5 விநாடிக்கு ஒருமுறை. இரண்டுமே தொடர்ந்து 3 முறை பதில் தராவிட்டால் மாறட்டும். கேட்வேயை (ரூட்டரை அடுத்து, இணைய நிறுவனத்தின் பக்கமுள்ள முதல் கருவி) மட்டும் பிங் செய்தால் அதற்கு அப்பாலுள்ள கோளாறு தெரியாது.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: சோதனைப் பாக்கெட் ஃபைபர் வழியாக மட்டுமே போகும்படி ரூட்டரில் ரூட் (பாதை) போடவேண்டும். இல்லையென்றால், மாறியபின் பிங் 5ஜி வழியே போய்ப் பதில் வாங்கும். ஃபைபர் சரியாகிவிட்டதென்று ரூட்டர் திரும்பும், மறுபடி விழும். விடிய விடிய இதே கூத்து.