ஓரியூர் மண்ணும் என் மச்சானின் கேள்வியும்

தங்கச்சிமடத்தில் எனக்கும் என் அத்தை மகனுக்கும் ஒரே நாளில்தான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை அப்பம், கொடுத்தார்கள். இன்று அவன் கடவுள் இல்லை என்கிறான்; நான் ஞாயிறு பூசை தவறுவதில்லை. போன மாதம் டீக்கடையில் அவனோடு போட்ட சண்டை இன்னும் மனதை அறுக்கிறது.

பேச்சு, போர்ச்சுக்கலிலிருந்து வந்து மறவர் நாட்டில் மறைபரப்பிய பாதிரியார் அருளானந்தரில் தொடங்கியது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. அந்தச் சிவப்பு மண்ணை நம் சனம் இன்றும் முடிந்து வீட்டுக்கு எடுத்து வருகிறது. "பொய்க்காக ஒருத்தர் உயிரைக் கொடுப்பாராடா?" என்று கேட்டேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "அவர் உறுதியா நம்பினார்னு அது காட்டுது மச்சான். நம்பினது உண்மைன்னு எப்படிக் காட்டும்?"

அதோடு அவன் விடவில்லை. அருளானந்தரிடம் ஞானஸ்நானம் பெற்ற மறவர் தலைவர் தடியத் தேவர் கிறிஸ்தவரானதும் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். அருளானந்தர்மீது மன்னருக்குப் பகை மூண்டது அங்கேதான். "அந்தப் பொம்பளைங்க கதி என்னாச்சுன்னு ஒரு பிரசங்கத்துலயாவது கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. அதை ஒப்புக்கொண்டிருக்கலாம். "சாமி இல்லேங்கிறவனுக்கு இந்த மண்ணோட அருமை என்ன தெரியும்" என்று கத்திவிட்டு எழுந்து வந்தேன்.

அவனிடமும் எனக்கு வருத்தம் உண்டு. மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களெல்லாம் யோசிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்வான். சந்தியாகப்பர் கோவிலில் வாராவாரம் மெழுகுவர்த்தி ஏற்றுவது அவனைப் பெற்றவள். மாமா கடலோடு போன பிறகு கருவாடு விற்று, கடன் அடைத்து, மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். என் அத்தைக்கா யோசிக்கத் தெரியாது?

1948இல் பிபிசி வானொலியில், கடவுள் இருக்கிறாரா என்பது பற்றி, கடவுள் நம்பிக்கையில்லாத தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் கோப்பிள்ஸ்டன் என்ற பாதிரியாரும் வாதம் செய்தார்கள். பாதிரியார், அருளானந்தர் இருந்த அதே இயேசு சபைக்காரர். கடவுள் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று முதலில் பேசி ஒத்துக்கொள்கிறார்கள். கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியுமா என்று பாதிரியார் கேட்க, அப்படிச் சொல்லமாட்டேன் என்கிறார் ரஸ்ஸல். கடைசிவரை இருவரும் தங்கள் நிலையிலிருந்து இறங்கவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டார், அவ்வளவுதான். நம் டீக்கடையில் அது நடப்பதில்லை.

நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லச் சொல்கிறார் பேதுரு, முதல் கடிதம் 3:15இல். சிறுவயதிலிருந்தே எனக்கு மனப்பாடமான வசனம்.

அருளானந்தரை இன்னும் வணங்குகிறேன். ஆனால் அவர் சாவை வாதத்தில் துருப்புச்சீட்டாக இனி இறக்கமாட்டேன். மச்சான் கரைக்கு வந்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு பங்குச்சாமியிடம் போய், விலக்கப்பட்ட அந்தப் பெண்களைப் பற்றிக் கேட்கப் போகிறேன். போகிற வழியில் அத்தையைப் பற்றியும் அவனிடம் பேசவேண்டும்.